போர் தொட்ட குழந்தைகளைப் படமெடுக்க: கடலூர், புதுச்சேரியிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் புகைப்படங்களின் வழியே ஆவணப்படுத்த விரும்பும் இளைஞர்களைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் அவ்வப்போது சந்திக்கிறேன். எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அரிது. இந்த வேலை நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான். யாரிடம் அனுமதி பெறுவது, பெற்றோரிடம் எதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, எந்தப் படத்தை வெளியிடக் கூடாது, எவ்வளவு செலவாகும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் அலைந்தவன் நான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. யாரைப் படமெடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம் ஊரிலிருந்து பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடியிலும், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டிலும் இருப்பவை அவற்றுள் சில. புதிதாக வருகிறவர்கள் அங்கே போனதும் 'போரிலிருந்து தப்பி வந்த குழந்தைகளை'த் தேடத் தொடங்குகிறார்கள். இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதத்தில். இன்று முகாமிலிருந்து சீருடையுடன் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். குண்டு விழுவதைக் கண்டவர்கள் அவர்களுடைய பெற்றோரும் பாட்டிமாரும்.

எனவே உங்கள் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஒன்று, போரின்போது குழந்தைகளாக இருந்து இப்போது முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களைப் படமெடுப்பது. அவர்கள் தங்களுக்காகத் தாங்களே ஒப்புதல் தர முடியும் என்பதால் தொடக்கத்துக்கு இதுவே ஏற்றது. மற்றொன்று, போரின் விளைவுக்குள் பிறந்து வளரும் இன்றைய பிள்ளைகள். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க வேண்டுமானால், பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இல்லாமலும் இருக்க வேண்டும். ஆகவே குறிஞ்சிப்பாடி அரசு மருத்துவமனையில் பிறந்த ஒரு பிள்ளையும் எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வியோடுதான் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறான். இதில் காயமும் இரத்தமும் இல்லை, படமாக்குவதும் கடினம். ஆனால் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உண்மையான கதை இதுதான் என்பது என் கருத்து.

போர்க்களத்துக்குப் போகாமல் போரைப் பதிவு செய்ய முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். செய்திப் படங்களுக்கான உலகளாவிய போட்டியான வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் 2025ஆம் ஆண்டு விருதை வென்ற படம், காசாவில் நடந்த தாக்குதலில் இரு கைகளையும் இழந்த மஹ்மூத் அஜ்ஜூர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுடையது. சமர் அபு எலூஃப் அதை எடுத்த இடம் காசா அன்று. சிறுவன் சிகிச்சைக்காகச் சென்று தங்கியிருந்த கத்தார் நாட்டின் தோஹா நகரம்.

2. எந்த மாவட்டம், எந்த அலுவலகம்

புதுச்சேரியில் வசிப்பவர்கள் அதிகம் விழும் குழி இது. காலாப்பட்டைத் தாண்டிச் சற்று தூரம் போனால் கீழ்புத்துப்பட்டு வந்துவிடும் என்பதால், புதுச்சேரி அரசின் செய்தி விளம்பரத் துறை தந்த அடையாள அட்டையே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த முகாம் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. உங்கள் மனு போய்ச் சேர வேண்டிய இடம் விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். குறிஞ்சிப்பாடி என்றால் கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

முகாம்களின் தலைமை நிர்வாகம் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மறுவாழ்வு மற்றும் அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகத்திடம் இருக்கிறது. ஆட்சியருக்கு எழுதும் மனுவின் நகலை ஆணையருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆட்சியர் அலுவலகம் எப்படியும் அங்கே கருத்துக் கேட்கும். நகல் முன்பே அங்கிருந்தால், இப்படி ஒரு மனுவே எங்களுக்கு வரவில்லை என்ற பதிலோடு கோப்பு திரும்பி வராது. மாவட்ட அளவில் முகாம்களைக் கவனிக்கும் தனி வட்டாட்சியர், முகாமுக்கான வருவாய் ஆய்வாளர், காவல்துறையின் கியூ பிரிவு ஆகியோரும் உங்கள் மனுவைப் பார்ப்பார்கள். கியூ பிரிவு விசாரிக்கிறது என்று கேள்விப்பட்டதும் பதற வேண்டாம். முகாம்களைக் கண்காணிப்பது அவர்களுடைய வழக்கமான பணி. யார், எதற்காக, எத்தனை நாள் என்று கேட்பார்கள், நீங்கள் மனுவில் எழுதியதையே சொல்லுங்கள்.

அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன்பே, தெரிந்தவர் ஒருவரின் துணையோடு உள்ளே போய் 'சும்மா நாலு படம்' எடுத்துவரலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டால் நீங்கள் ஓர் எச்சரிக்கையோடு வீடு திரும்பிவிடுவீர்கள். உங்களை அழைத்துப் போன குடும்பம் அதன் பிறகும் அதே முகாமில்தான் இருக்க வேண்டும்.

3. மனுவும் இணைப்புகளும்

மனுவைத் தமிழிலேயே, இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். 'ஆவணப்படுத்தும் நோக்கில்' என்று பொதுவாக எழுதினால் ஏதாவது ஒரு மேசையில் அது தங்கிவிடும். ஓர் அலுவலகத்தில் என் மனு திரும்பி வந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது அதில் இல்லை என்பதே. அதைத் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம். ஆகவே முகாமின் பெயர், தொடக்க நாளும் முடிவு நாளும், எந்த நேரத்தில் உள்ளே இருப்பீர்கள், உடன் வருபவர் யார், என்னென்ன கருவிகள், படங்கள் எங்கே வெளியாகும், குழந்தைகளின் அடையாளத்தை எப்படிக் காப்பீர்கள் என்ற ஏழு செய்திகளும் மனுவிலேயே இருக்கட்டும். டிரோன் கொண்டுபோகப் போவதில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஒரு கேள்வி குறையும்.

ஆதார் நகல், முகவரிச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்கள், நீங்கள் படிக்கும் கல்லூரி அல்லது பணிபுரியும் இதழின் கடிதம், முன்பு வெளியான உங்கள் படங்கள் இரண்டு மூன்று, நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒப்புதல் படிவத்தின் மாதிரி ஆகியவற்றை இணையுங்கள். எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியாக இயங்குபவர்களுக்குக் கடிதம்தான் சிக்கல். இதழ் ஒன்றின் ஆசிரியரோ, இதழியல் துறைப் பேராசிரியர் ஒருவரோ 'இவருடைய இந்தப் பணியை நான் அறிவேன்' என்று கையெழுத்திட்டுத் தந்தால் பெரும்பாலும் ஏற்கிறார்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றை இணையவழியில் பெற்று முன்கூட்டியே இணைத்துவிடுவது நல்லது. குழந்தைகளோடு பழகப்போகும் எவரிடமும் அதைக் கேட்பது முறையானதே.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்தால் ஆட்சியரே நேரில் பார்ப்பார் என்று சொல்வார்கள். அங்கே கொடுக்கும் மனு பட்டா, ஓய்வூதியம், குடிநீர் மனுக்களின் வரிசையில் பதிவாகும். வேறொரு நாளில் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பி, கண்காணிப்பு எண் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

4. எந்த மாதத்தில் தொடங்குவது

அனுமதிக்கு இரண்டு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மனு கொடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்ட நிர்வாகம் முழுவதும் வெள்ளத் தடுப்புப் பணியில்தான் இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. அப்படிப்பட்ட வாரங்களில் உங்கள் கோப்பைத் திறக்க ஆளிருக்காது. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலத்துக்கும் இது பொருந்தும். மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலம் என்பதால் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஜனவரியில் மனு கொடுத்து, மே விடுமுறையில் கேமரா இல்லாமல் பழகி, ஜூன் முதல் படமெடுப்பது எனக்குச் சரியாக வந்த வரிசை.

முகாமுக்குள் போக ஞாயிற்றுக்கிழமைகளே ஏற்றவை. ஆண்களில் பலர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறவர்கள். வார நாட்களில் போனால் தந்தையரைப் பார்க்க முடியாது, தந்தையின் ஒப்புதல் இல்லாத குடும்பங்கள் கூடிக்கொண்டே போகும். கணக்கெடுப்பு நடக்கும் நாளிலும் மாதாந்திரப் பணக்கொடை வழங்கும் நாளிலும் போகாதீர்கள். வரிசையில் நிற்கும் ஒருவரைப் படமெடுக்கும்போது அவரால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு விலகிப்போக முடியாது.

5. சட்டம் எங்கே குறுக்கிடும்

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஆயுத மோதலால் பாதிக்கப்பட்ட குழந்தையைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 74ஆம் பிரிவு, விசாரணையோ நீதிமன்ற நடவடிக்கையோ சம்பந்தப்பட்ட செய்திகளில் அத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விசாரணை இல்லாத குழந்தைக்கு இது பொருந்தாதே என்று வாதிடுபவர்கள் உண்டு. எந்தக் குழந்தையின் பெயரில், இந்தச் சட்டப்படி மாவட்டந்தோறும் இயங்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் கோப்பு இருக்கிறது என்பது வெளியாளான உங்களுக்குத் தெரியாது; தெரியவும் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. காப்பகங்களிலும் இல்லங்களிலும் இருக்கும் குழந்தைகள் என்றால், இல்லத்தின் நிர்வாகி சம்மதித்தாலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் குழந்தைகள் நலக் குழுவையும் எழுத்து மூலம் அணுகாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கடுமையானது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை அதன் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. அதைவிட, புகைப்படக்காரர்கள் பலர் அறியாத கடமை ஒன்று 19ஆம் பிரிவில் இருக்கிறது: அப்படியொரு குற்றம் நடந்திருப்பது உங்களுக்குத் தெரியவந்தால் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பதும் குற்றம். எனவே எந்தக் குழந்தையிடமும் 'யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லு' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

6. ஒப்புதல்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

ஒப்புதல் படிவத்துக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். முத்திரைத்தாளைக் கண்டாலே அஞ்சும் குடும்பங்கள் இவை. ஏற்கெனவே எத்தனையோ அலுவலகங்களில் கையெழுத்திட்டுக் களைத்தவர்கள். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அச்சிட்ட படிவம் போதும். அதில் தேதி, குழந்தையின் வயது, பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர், படங்கள் எங்கெங்கே வெளியாகலாம் என்பதற்குத் தனித்தனிக் கட்டங்கள், முகம் தெரியலாமா கூடாதா என்பதற்கு ஒரு கட்டம், உங்கள் கைப்பேசி எண், எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு படிகள் எடுத்து ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். கண்காட்சி, அச்சிதழ், இணையம் மூன்றுக்கும் ஒரே கட்டம் வைப்பது பெரிய தவறு. புதுச்சேரியில் பத்து நாள் நடக்கும் கண்காட்சிக்குச் சம்மதிக்கும் தாய், முல்லைத்தீவில் இருக்கும் உறவினர்கள் பார்க்கும்படி இணையத்தில் வருவதற்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட கணவரைப் பற்றிய வழக்கோ, வெளிநாட்டுக்குப் போவதற்கான விண்ணப்பமோ நிலுவையில் இருக்கும் குடும்பங்களில் இதன் எடை அதிகம். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது.

படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு வரி: 'இந்தப் படங்களால் குடியுரிமை, வீடு, உதவித்தொகை, வெளிநாட்டு வாய்ப்பு எதுவும் கிடைக்காது.' நீங்கள் வாயால் சொல்லாவிட்டாலும், கேமராவோடு வருபவர் ஏதாவது செய்துவிடுவார் என்ற நம்பிக்கை முகாமில் எழத்தான் செய்யும். அந்த நம்பிக்கையின் மேல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது. சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அன்றே கையெழுத்து வாங்காதீர்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு வாருங்கள். இடையில் வீட்டில் பேசுவார்கள், பாட்டி ஏதாவது கேட்பார், சிலர் மாறிவிடுவார்கள். அதற்குத்தான் அந்த ஒரு வாரம்.

பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டாலும் குழந்தையிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை 'வேண்டாம்' என்று வாயால் சொல்லாது. தாயின் பின்னால் போய் நிற்கும், பதில் சொல்லாமல் சிரிக்கும், திடீரென்று தண்ணீர் குடிக்கப் போகும். இவை எல்லாமே மறுப்புத்தான். எடுத்த படத்தைக் கேமராத் திரையில் காட்டி, 'இதை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா' என்று கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அதன் கண்முன்னாலேயே அழியுங்கள். ஓரிரு நல்ல படங்கள் இதில் போகும், போகட்டும்.

முகாம் தலைவரின் சம்மதத்தைக் குடும்பத்தின் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வழி காட்டுவார், அறிமுகப்படுத்துவார். அதற்குமேல் எந்தப் பிள்ளைக்காகவும் கையெழுத்திடும் உரிமை அவருக்கு இல்லை. முகாம்களில் நெடுங்காலமாகப் பணியாற்றும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் மூலம் அறிமுகம் ஆவது எளிது. அவர்களே படிவத்தையும் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால் இன்னும் நல்லது.

பணம் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். படத்துக்காகக் குழந்தையிடமோ பெற்றோரிடமோ பணம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டிவரும், அடுத்த வாரம் படத்துக்காகவே பிள்ளைகளை முன்னால் நிறுத்துவார்கள். குடும்பப் படம் ஒன்றை எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள். ஒருவர் உங்களுக்காக ஒருநாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தார் என்றால் அந்த நாளின் கூலியைத் தருவது வேறு கணக்கு. அதையும் எழுதி வையுங்கள்.

7. படமெடுக்கும்போது

ஒரு கேமரா, 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, கூடுதல் பேட்டரி. இதற்குமேல் கருவிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கைப்பேசியும் போதும்.

போரைப் பற்றி, இறந்தவர்களைப் பற்றிக் குழந்தையிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விகள் பெரியவர்களுக்கு உரியவை. அவர்களிடமும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். பேசிக்கொண்டிருப்பவர் நடுங்கினாலோ வெறித்துப் பார்த்தாலோ கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு உட்காருங்கள். கிளம்பும்போது 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.

முகத்தை மறைக்க வேண்டிய படங்களில் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு நிம்மதியடைகிறார்கள். பள்ளிச் சீருடை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, வீட்டுக் கதவின் எண், வாசலில் நிற்கும் வண்டியின் பதிவெண், பின்னால் தெரியும் கோயில் வளைவின் பெயர் இவற்றில் ஒன்று இருந்தாலே பிள்ளை யாரென்று அந்த ஊரில் தெரிந்துவிடும். கண்களின் மேல் கறுப்புப் பட்டை போடுவது குழந்தையைக் குற்றவாளி போலக் காட்டுகிறது, அதை விட்டுவிடுங்கள். எடுக்கும்போதே முகம் தெரியாதபடி எடுப்பதுதான் வழி: புத்தகத்தின் மேல் இருக்கும் கை, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும் உருவம், பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்க்கும் முதுகு. யுனிசெஃப் அமைப்பின் வழிகாட்டு நெறிகள், பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை, ஆயுதம் ஏந்திய முன்னாள் குழந்தைப் போராளி போன்றோரின் பெயரையும் முகத்தையும் எப்போதும் மறைக்கச் சொல்கின்றன. அகதிக் குழந்தைகளைப் பொறுத்தவரை, தீங்கு வரும் வாய்ப்பு இருந்தால் மறைக்கச் சொல்கின்றன.

குழந்தைகள் வரைந்த ஓவியங்களைப் படமெடுத்து வெளியிடுவது எளிய வழி போலத் தோன்றும். பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் உரிமை வரைந்தவருக்கு உரியது, வரைந்தவருக்கு ஆறு வயதானாலும். ஓவியத்துக்கும் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.

8. படவிளக்கத்தை அன்றிரவே எழுதுங்கள்

ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, யாருடைய ஒப்புதலுடன், எந்தக் கட்டங்கள் குறிக்கப்பட்டன என்பதை அன்றிரவே எழுதிவிடுங்கள். 1984இல் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வந்து உலகெங்கும் பரவியது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல் அவளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. வெளியிடாத பெயரும் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பிற்பாடு அந்தக் குடும்பம் படத்தை நீக்கச் சொல்லிக் கேட்கும்போது எந்தப் படம் என்றே உங்களுக்குத் தெரியாது.

வெளியிடும் விளக்கத்தில் குழந்தை பிறந்த இடத்தையும் ஆண்டையும் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளையின் படத்துக்குக் கீழே 'போரில் வீட்டை இழந்த சிறுவன்' என்று எழுதினால் அது பொய். ஆசிரியர் குழுவில் யாராவது உருக்கத்துக்காக அப்படி மாற்றக்கூடும் என்பதால், விளக்கத்தை மாற்றுவதானால் எழுத்தில் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படத்தோடு அனுப்புங்கள்.

9. கோப்புகளைக் காப்பது

கைப்பேசியிலும் கேமராவிலும் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டே முகாமுக்குள் போங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை ஆவணமாக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் உள்ளிட்ட தகவல்களும் கூடவே போய்விடும். மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். கடலூரில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் படிவங்களை ஸ்கேன் செய்து, படங்களோடு சேர்க்காமல் கடவுச்சொல் இட்ட தனிக் கோப்புறையில் வையுங்கள்.

10. செலவு

அனுமதிக்கு அரசுக் கட்டணம் எதையும் நான் செலுத்தவில்லை. யாராவது இடையில் நின்று 'கோப்பை நகர்த்த' பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஐயாயிரம் முதல் ஏழாயிரம் ரூபாய் ஆகும்; இரண்டு வேண்டும். குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிறிய அச்சுப்படம் ஒன்று பத்து முதல் இருபது ரூபாய். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் கூடும், ஏனென்றால் பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். பேருந்துக் கட்டணம், நகலெடுப்பு, தபால் எல்லாம் சில்லறைச் செலவுகள். உண்மையில் பெரிய செலவு வேலைக்குப் போகாத உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்தான். திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவர்கள் முகூர்த்த மாதங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. இலங்கைக்குப் போக நினைத்தால்

முகாமில் ஓராண்டாவது வேலை செய்த பிறகு யோசியுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2000 ரூபாய். சுற்றுலா விசாவில் போய்ச் செய்திப் படம் எடுப்பது விதிமீறல். ஊடகப் பணிக்கான விசாவுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை முன்கூட்டியே அணுகுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கின்றன. கப்பல் கடலூர்க்காரர்களுக்கு அருகில்தான் என்றாலும், மழைக்காலத்தில் நிறுத்தப்படும் என்பதால் திரும்பி வரும் தேதியை அதை நம்பி வைக்காதீர்கள். வடக்கில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது.

12. வெளியிடுவதும் திரும்பப் பெறுவதும்

முதல் பார்வையாளர்கள் முகாம் மக்களாகவே இருக்கட்டும். தேர்ந்தெடுத்த படங்களை அச்சிட்டு, குடும்பங்களிடம் காட்டி, வேண்டாம் என்றவற்றை நீக்கிய பிறகே வெளியே கொண்டுபோங்கள். புதுச்சேரியில் ஆல்லியான்ஸ் பிரான்சேஸ் போன்ற அரங்குகளுக்கு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். படங்களுக்குப் பிரேம் போடுவதைவிடச் சன்போர்டு என்ற எடை குறைந்த பலகையில் ஒட்டுவது மலிவு. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படத்துக்கு முந்நூறு ரூபாய் அளவில் ஆனது. அரங்கில் கைப்பேசியால் படமெடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வைத்தாலும் எடுப்பார்கள். எனவே இணையத்துக்குச் சம்மதம் தராதவர்களின் முகம் கண்காட்சியிலும் தெரியாமல் இருப்பது நல்லது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் மூலக் கோப்பைக் கேட்பார்கள், ஆகவே குழந்தையோ குடும்பமோ அழிக்கச் சொன்னவற்றைத் தவிர மற்ற மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள்.

குடும்பம் ஒன்று படத்தை நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் உங்கள் பக்கத்திலிருந்து அன்றே நீக்கிவிட்டு, வெளியிட்ட இதழுக்கும் எழுதுங்கள். இதற்கு வசதியாக, இதழோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே இணையப் பதிப்பிலிருந்து நீக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அச்சில் வந்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதைப் பெற்றோரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்து, அப்போது புதிய படிவத்தோடு போய் அவரிடமே கேளுங்கள். பெற்றோர் முன்பு போட்ட கையெழுத்தை அதற்குப் பிறகு பயன்படுத்தாதீர்கள்.